நர்சிங் தேர்வு: சுவாசக் கேள்வியையும் கர்ப்பகால உணவுக் கேள்வியையும் பிரித்துப் படிக்கும் முறை

எம்ஆர்பி (தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் செவிலியர் தேர்வுக்கோ எய்ம்ஸ் நடத்தும் நார்செட் என்ற செவிலியர் தேர்வுக்கோ படிக்க உட்காருபவர்கள் முதலில் எண்களைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். எண்கள் வேண்டும்தான். ஆனால் எண் தெரிந்தும் மார்க் போவது ஏன் தெரியுமா? அது யாருடைய எண் என்று பார்க்காமல் விடுவதால். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 92 சதவீதம் என்றால் ஒரு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிக்குப் போதும். ஏழு மாதக் கர்ப்பிணிக்குப் போதாது.

அதனால் சுவாசம், கர்ப்பகால உணவு என்ற இந்த இரண்டு பாடத்தையும் ஒன்றாக வைத்து, கேள்வியை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். கேள்விகள் எல்லாம் பயிற்சிக்காக நானே எழுதியவை. பதிலைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் விடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆப்ஷனுக்குப் போகும் முன் ஆளைப் பாருங்கள்

கேள்வி: 64 வயது ஆண். பல வருடமாக பீடி பிடித்தவர், சிஓபிடி இருக்கிறது. மூச்சுத்திணறலோடு வார்டுக்கு வருகிறார். சாச்சுரேஷன் 86 சதவீதம், நிமிடத்துக்கு 26 மூச்சு. எது சரி?

அ) நான்-ரீப்ரீதர் மாஸ்க்கில் (பையோடு கூடிய, அதிக ஆக்சிஜன் தரும் மாஸ்க்) 15 லிட்டர் ஆக்சிஜன்
ஆ) வென்சூரி மாஸ்க்கில் 24 அல்லது 28 சதவீத ஆக்சிஜன்
இ) மூச்சு நின்றுவிடும் என்பதால் ஆக்சிஜன் கொடுக்கக் கூடாது
ஈ) மல்லாந்து படுக்க வைத்து ஓய்வு கொடுப்பது

விடை ஆ. சிஓபிடி நோயாளிக்கு நாம் எட்ட வேண்டியது 88 முதல் 92 சதவீதம். வென்சூரி மாஸ்க் குறிப்பிட்ட சதவீதத்தைத் துல்லியமாகக் கொடுக்கும். மூக்கில் வைக்கும் நேசல் கேனுலா குழாயில் நோயாளி எவ்வளவு ஆழமாக மூச்சு இழுக்கிறார் என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

இங்கே நிறைய பேர் விழுவது ‘இ’யில். ‘சிஓபிடிக்கு ஆக்சிஜன் ஆபத்து’ என்று எங்கேயோ கேட்டது மனதில் நின்றிருக்கும். ஆபத்து, அளவில்லாமல் கொடுக்கும் ஆக்சிஜனில்தான். அப்படிக் கொடுத்தால் நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கும் ரத்தம் திரும்பி ஓட ஆரம்பிக்கும். கூடவே ஹீமோகுளோபின் சுமந்துகொண்டிருந்த கார்பன் டை ஆக்சைடையும் விட்டுவிடும். இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். ஆனால் 86 சதவீதத்தில் இருப்பவருக்கு ஆக்சிஜனே தராமல் நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. ‘ஈ’யைப் பார்த்ததும் அடித்துவிடலாம், மூச்சுத்திணறல் உள்ளவரை உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டுச் சாய்ந்துகொள்ளச் செய்ய வேண்டும்.

படி 2: என்ன கேட்கிறார்கள் என்பதில் அடிக்கோடு போடுங்கள்

‘முதலில் என்ன செய்வீர்கள்’, ‘எது தவறு’, ‘யாருக்கு மேலும் விளக்கம் தேவை’. இந்த மூன்றும் மூன்று விதமான கேள்விகள். அவசரத்தில் ‘எது தவறு’ என்பதைக் கவனிக்காமல் சரியானதைக் குறித்துவிட்டு வருபவர்கள் ஏராளம்.

கேள்வி: டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் வைத்த) நோயாளிக்குச் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் செய்யும் பயிற்சி மாணவியின் எந்தச் செயலை உடனே திருத்த வேண்டும்?

அ) சக்‌ஷனுக்கு முன் 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்கிறார்
ஆ) குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேற்படாத கதீட்டரை எடுக்கிறார்
இ) கதீட்டரை உள்ளே விடும்போதே சக்‌ஷனை அழுத்துகிறார்
ஈ) 10 விநாடிக்குள் வெளியே எடுக்கிறார்

விடை இ. வெளியே இழுக்கும்போது மட்டும்தான் சக்‌ஷன். உள்ளே போகும்போதே உறிஞ்சினால் சளிச்சவ்வு காயப்படும், நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜனும் வீணாகப் போய்விடும். ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடியைத் தாண்டக் கூடாது.

செஸ்ட் டிரெயின் (மார்பில் சேர்ந்த காற்றையோ திரவத்தையோ பாட்டிலுக்கு வெளியேற்றும் குழாய்) கேள்விகளுக்கு நான்கு விஷயம் போதும். பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும். வாட்டர் சீலில் (காற்று மார்புக்குத் திரும்பாமல் தடுக்கும் தண்ணீர் அடைப்பு) தண்ணீர் மூச்சோடு ஏறி இறங்கினால் இயல்பு. விடாமல் குமிழி வந்தால் எங்கோ காற்று கசிகிறது. டியூப் பாட்டிலிலிருந்து கழன்றுவிட்டால் அதன் முனையை ஸ்டெரைல் தண்ணீரில் மூழ்க வையுங்கள்.

படி 3: ஏபிஜியை வரிசை மாறாமல் படியுங்கள்

ஏபிஜி என்றால் தமனி ரத்தத்தின் வாயு, அமில அளவுப் பரிசோதனை. முதலில் பிஹெச் (7.35–7.45), அப்புறம் கார்பன் டை ஆக்சைடு (35–45), கடைசியில் பைகார்பனேட் (22–26). பிஹெச் 7.32, கார்பன் டை ஆக்சைடு 58, பைகார்பனேட் 29 என்று வந்தால்? பிஹெச் குறைவு, ஆகவே அமிலத்தன்மை. கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கிறது, ஆகவே காரணம் சுவாசம். பைகார்பனேட்டும் ஏறியிருக்கிறது, அதாவது சிறுநீரகம் ஈடுகட்டப் பார்க்கிறது. ஆனால் பிஹெச் இன்னும் இயல்புக்கு வரவில்லை. பகுதி ஈடுகட்டப்பட்ட ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ். ஒரு வாரத்துக்குத் தினமும் சில ஏபிஜிகளை இப்படி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கை தானாக வரும்.

படி 4: உணவுக் கேள்வியில் எத்தனையாவது வாரம் என்று பாருங்கள்

கர்ப்பகால ஊட்டச்சத்துக் கேள்வியை எளிது என்று நினைத்து வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஆனால் நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டியூட்டியில் உட்காரும்போது தினமும் வாயால் சொல்லப்போவது இதைத்தான்.

கேள்வி: 22 வார கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 9.4. ‘காலையில் டீ குடித்த கையோடு இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்கிறேன் சிஸ்டர். மலம் கறுப்பாப் போகுது, பயமா இருக்கு’ என்கிறார். எந்த அறிவுரை சரி?

அ) மலம் கறுப்பாகப் போவதால் இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வது
ஆ) இரண்டு மாத்திரையையும் பாலோடு போடச் சொல்வது
இ) இரண்டையும் வேறு வேறு நேரத்தில் போடச் சொல்லி, இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுக்கச் சொல்வது
ஈ) மாத்திரை வேண்டாம், பேரீச்சம்பழமும் கீரையும் போதும் என்பது

விடை இ. கால்சியம், டீ, காபி, பால் எல்லாமே இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வைட்டமின் சி கூட்டும். இரண்டு மாத்திரைக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மலம் கறுப்பது இரும்பு மாத்திரையின் இயல்பான விளைவு. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ‘ஈ’ கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 9.4 என்பது மிதமான ரத்தசோகை (7 முதல் 9.9 வரை), உணவால் மட்டும் சரிசெய்ய முடியாது.

நம் நாட்டுத் தேர்வுக்கு மனதில் வைக்க வேண்டியவை: கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழ் என்றால் கடுமையானது. அனீமியா முக்த் பாரத் என்ற மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் இரண்டாம் டிரைமெஸ்டரிலிருந்து (கர்ப்பத்தின் இரண்டாவது மூன்று மாதக் கட்டம்) 180 நாள், தினம் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை. பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். கூடுதல் கலோரி ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் நாளுக்கு 350.

இந்த 350-ஐப் படிக்கும்போது ஒரு தட்டையும் மனதில் பாருங்கள்: இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். ஏறத்தாழ அவ்வளவுதான். ‘ரெண்டு உசுருக்குச் சேர்த்துச் சாப்பிடு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கு இரட்டிப்புச் சாப்பாடு என்று பொருள் எடுத்துக்கொள்ளும் தாய்க்கு இப்படிச் சொன்னால் உடனே புரியும்.

அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் புத்தகத்தில் படித்தால் இரண்டாம் டிரைமெஸ்டருக்கு 340, மூன்றாவதுக்கு 452 என்று இருக்கும். இரண்டு புத்தகத்தையும் கலந்து படிக்காதீர்கள். எந்தத் தேர்வோ அந்த நாட்டு எண்.

ஃபோலிக் ஆசிட் பற்றி ஒரு கேள்வி எப்படியும் வரும். கருவின் நரம்புக்குழாய் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்திருந்தால் 4 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு.

படி 5: இரண்டு பாடமும் சேரும் கேள்வி

கடினமான கேள்விகள் இங்கேதான் பிறக்கின்றன.

கேள்வி: 30 வார கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர். இரண்டு மணி நேரமாக இழுப்பு. முதலில் நன்றாகக் கேட்ட வீசிங் (மூச்சில் வரும் விசில் சத்தம்) இப்போது குறைந்துவிட்டது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. சாச்சுரேஷன் 93. ஏபிஜியில் பிஹெச் 7.35, கார்பன் டை ஆக்சைடு 39, பைகார்பனேட் 21. என்ன முடிவுக்கு வருவீர்கள்?

அ) ஏபிஜி ஏறக்குறைய இயல்பு, கவனித்தால் போதும்
ஆ) வீசிங் குறைந்ததால் தேறிவருகிறார்
இ) சோர்ந்துபோய்க்கொண்டிருக்கிறார், உடனே டாக்டரை அழைக்க வேண்டும்
ஈ) மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் மருந்து குழந்தைக்கு ஆகாது என்பதால் நிறுத்த வேண்டும்

படி 3-ல் படித்த எண்களை அப்படியே வைத்தால் விடை ‘அ’ மாதிரித் தெரியும். ஆனால் படி 1-க்குத் திரும்புங்கள்: ஆள் யார்? கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மூச்சை ஆழமாக்குகிறது. அதனால் கர்ப்பிணியின் இயல்பான கார்பன் டை ஆக்சைடு 28 முதல் 32 வரைதான், பைகார்பனேட்டும் 18 முதல் 21 வரை இறங்கியிருக்கும். ஆஸ்துமா இழுப்பில் வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு இன்னும் குறைய வேண்டும். குறையாமல் 39-ல் நிற்கிறது என்றால் மூச்சுத் தசைகள் தளர்கின்றன. பேச முடியாதவரிடம் வீசிங் குறைவது நல்ல செய்தி இல்லை. சத்தம் வரும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

விடை இ. டாக்டர் வருவதற்குள் நிமிர்ந்து உட்கார வைத்து, சாச்சுரேஷன் 95-க்குக் குறையாதபடி ஆக்சிஜன் வைத்து, ஆர்டர்படி சல்பூட்டமால் நெபுலைசேஷன் கொடுக்க வேண்டும். குழந்தைக்கும் ஆக்சிஜன் அம்மாவின் ரத்தத்தில் இருந்துதான் போகிறது, எனவே கருவின் இதயத் துடிப்பையும் பார்க்க வேண்டும். ‘ஈ’ சுத்தமாகத் தவறு. சல்பூட்டமாலும் இன்ஹேலர் ஸ்டீராய்டும் கர்ப்பத்தில் கொடுக்கப்படும் மருந்துகள்தான். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து இன்ஹேலரை நிறுத்துவதுதான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து.

படி 6: தவறான ஆப்ஷனுக்கும் ஒரு வரி எழுதுங்கள்

ஒரு நோட்டில் கேள்வியை எழுதி, சரியான விடைக்குக் கீழே மற்ற மூன்றும் ஏன் தவறு என்று தலா ஒரு வரி எழுதுங்கள். அந்த மூன்றில் ஒன்று, வேறு நோயாளி வந்தால் சரியான விடையாக மாறுமா என்றும் யோசியுங்கள். முதல் கேள்வியின் 15 லிட்டர் நான்-ரீப்ரீதர், சிஓபிடி இல்லாத, விபத்தில் அடிபட்டு ரத்தம் இழந்து வந்த இளைஞருக்குச் சரியான விடை. இப்படி ஒரு கேள்வியிலிருந்து நீங்களே இன்னொரு கேள்வி எழுதிப் பார்க்கலாம். நாளொன்றுக்கு நூறு கேள்விக்கு டிக் அடிப்பதைவிட, பத்துக் கேள்வியை இந்த மாதிரி உடைத்துப் படிப்பதையே நான் சொல்வேன்.