ஆன்லைன் கேம் அடிக்கடி டிஸ்கனெக்ட் ஆகிறதா? எந்த இடத்தில் அறுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

வாலரன்ட் என்ற ஆன்லைன் ஷூட்டிங் கேமில் ஸ்கோர் 12-12. திரை அப்படியே உறைந்து, கொஞ்ச நேரத்தில் ரீகனெக்ட் பட்டன் வந்து நிற்கிறது. இது தினமும் நடந்தால் பலரும் முதலில் செய்வது பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200க்கு ஏற்றுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த மாதிரி கேம்களுக்கு ஓரிரு எம்பிபிஎஸ் தாராளம்.

"யூடியூப் நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்பீர்கள். யூடியூப் அடுத்து வரும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் லைன் சில நொடி போனாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. எதிரி இந்த நொடியில் எங்கே நிற்கிறான் என்ற தகவல் இந்த நொடியிலேயே வந்தாக வேண்டும்.

சரி, வேலையைத் தொடங்கலாம். கேமின் அதிகாரபூர்வ சர்வர் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள், கூட ஆடுபவர்களிடமும் கேளுங்கள். எல்லோருக்கும் அறுந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

உங்களுக்கு மட்டும்தான் என்றால், விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். கறுப்பு விண்டோ திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டி என்டர் கொடுத்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ஓர் எண் வரும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் உங்கள் ரவுட்டர். இப்போது பிங், ஒரு இடைவெளி, அந்த எண், இன்னொரு இடைவெளி, கடைசியில் சிறு கோடும் டி எழுத்தும் தட்டி (ping 192.168.1.1 -t மாதிரி) என்டர் கொடுங்கள். இன்னொரு கறுப்பு விண்டோ திறந்து, ரவுட்டர் எண்ணுக்குப் பதில் 8.8.8.8 (இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் எண்) போட்டு அதே மாதிரி ஓடவிடுங்கள். இரண்டும் பின்னால் ஓடட்டும், நீங்கள் ஆடுங்கள்.

அறுந்த உடனே ஆல்ட்-டேப் அழுத்தி இரண்டையும் பாருங்கள். ரவுட்டர் விண்டோவிலேயே 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வரிசையாக வந்தால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் பதில் தர, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு வெளியே. இரண்டும் ஒழுங்காக ஓடியும் கேம் அறுந்தால் பெரும்பாலும் கேமின் பக்கம்தான். கேம் ஃபைல்களை ரிப்பேர் செய்து, ஃபயர்வாலில் கேமுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குள் என்றால் முதல் மருந்து லேன் கேபிள். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை போதும். ஏற்கெனவே கேபிளில்தான் ஆடுகிறீர்களா? அதன் முனையைக் கழற்றிப் பாருங்கள். மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். செருகும்போது 'டிக்' என்று விழ வேண்டும். அது உடைந்திருந்தால் மேஜை லேசாக ஆடினாலே லைன் விட்டுப்போகும். கேபிளுக்கு வழியே இல்லை என்றால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 2.4இல் பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் குறுக்கே வரும். லேப்டாப் என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதி எல்லா லேப்டாப்பிலும் இருக்காது.

இன்னொரு வகை உண்டு. 8.8.8.8 நிற்காது, ஆனால் பதில் வரும் நேரம் 30 மில்லிசெகண்டிலிருந்து திடீரென 400க்கு ஏறும். எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்குச் சரியாக இது நடந்தது. பல நாள் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: அம்மா போனைச் சார்ஜில் போட்டதும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் பேக்கப்புக்கு ஏறத் தொடங்கியிருக்கிறது. அப்லோடு நிரம்பினால் கேமின் பாக்கெட்டும் (சின்னச் சின்னத் தகவல் துண்டு) அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். பேக்கப்பை விடியற்காலைக்கு மாற்றினோம், அன்றிரவே சரியானது. ரவுட்டரில் கியூஓஎஸ் (எந்த வேலைக்கு முன்னுரிமை என்று சொல்லும் வசதி) இருந்தால் அதையும் போட்டுவையுங்கள்.

கோளாறு வெளியே என்று தெரிந்தால் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாகிறதா பாருங்கள். உள்ளே வரும் மெல்லிய ஒயர் கதவிடுக்கிலோ ஆணியிலோ மடங்கியிருந்தால் அதை நேராக்குங்கள். அப்புறம் 8.8.8.8 ஓடும் விண்டோவில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் எத்தனை சதவீதம் பாக்கெட் தொலைந்தது என்று வரும். அறுந்த நேரங்களோடு சேர்த்து அதையும் போட்டோ எடுத்துப் புகார் கொடுங்கள். சரிசெய்ய ஆள் வந்தால், அவர் கிளம்பும் முன் அந்த இரண்டு விண்டோவையும் மறுபடி ஓடவிட்டு, "பத்து நிமிஷம் இருங்கண்ணா, பார்த்துடலாம்" என்று சொல்லுங்கள்.