டிசம்பர் வருவதற்கு முன்பே டிசம்பர் விற்பனையா? பவர் பிஐ-யில் தேதிக் குழப்பத்தைச் சரிசெய்யும் வழி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் மாமாவுக்கு மளிகைக் கடை. புரட்டாசியில் கற்பூரம், தேங்காய், பருப்பு எல்லாம் எந்த வாரத்தில் அதிகம் போகிறது என்று படம் போட்டுக் காட்டலாமென்று நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கல்லா மெஷினிலிருந்து எடுத்தது செப்டம்பர், அக்டோபர் கணக்கு மட்டும். வரைபடத்திலோ ஜனவரி முதல் டிசம்பர் வரை விற்பனை, அதுவும் இன்னும் வராத டிசம்பர் 10-ல் கற்பூரம் விற்றிருக்கிறது! "இதை நம்பி நான் எப்படிடா சரக்கு எடுப்பது?" என்றார் மாமா. நியாயமான கேள்வி.

பவர் பிஐ டெஸ்க்டாப் என்பது கணக்கு விவரங்களை வரைபடமாக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்; இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். நிறுவிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கல்லா மெஷின் தரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள். 031 என்று தொடங்கும் டர்பன் போன் எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும், சேமித்துவிட்டால் திரும்ப வராது. நேராகப் பவர் பிஐ-க்குள் கொண்டுவந்து, "டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா"வை அழுத்துங்கள்.

படி 2: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பவர் குவெரி ("டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா"வை அழுத்தியதும் திறக்கும், தரவைச் சீர்செய்யும் பகுதி) முதல் 200 வரிகளைப் பார்த்துத்தான் எந்தப் பத்தி எந்த வகை என்று முடிவு செய்கிறது. கல்லா மெஷின் நாள்/மாதம்/வருடம் என்று எழுதுகிறது, என் லேப்டாப்போ அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது. அதனால் அக்டோபர் 5 (05/10) மே 10 ஆகிவிட்டது, அக்டோபர் 12 டிசம்பர் 10 ஆகிவிட்டது. 13-ஆம் தேதி முதல் உள்ளவை எல்லாம் பிழை, ஏனென்றால் 13-ஆவது மாதம் கிடையாது.

ஒவ்வொரு பத்தியிலும் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று காட்டும் "காலம் குவாலிட்டி"யை (Column quality) போட்டுப் பார்த்தால் பிழையே இல்லை, 100% சரி என்று காட்டியது. அது முதல் 1000 வரிகளை மட்டும் பார்த்துச் சொல்வது. திரையின் அடியில் இடது மூலையில் சின்ன எழுத்தில் அதை எழுதியும் இருக்கிறது, அதைச் சொடுக்கி முழுத் தரவுக்கும் மாற்றுங்கள். மாற்றியதும் பாதிக்கு மேல் சிவப்பு.

உடனே பிழையுள்ள வரிகளை நீக்கும் "ரிமூவ் எரர்ஸ்" பக்கம் கை போகும், தயவுசெய்து வேண்டாம். 30 நாள் மாதத்தில் 18 நாள் விற்பனை காணாமல் போகும், மிச்சமுள்ள 12 நாளில் 11 நாள் தப்பான மாதத்தில் நிற்கும் (09/09, 10/10 போல நாளும் மாதமும் ஒன்றாக இருப்பது மட்டும் தப்பும்).

படி 3: வலப்பக்கம் "அப்ளைட் ஸ்டெப்ஸ்" பட்டியலில் அதுவாகவே சேர்த்த "சேஞ்ச்டு டைப்" வரியை நீக்குங்கள். அப்புறம் தேதிப் பத்தியின் தலைப்பில் வலச்சொடுக்கு, "சேஞ்ச் டைப்", "யூஸிங் லொக்கேல்", வகை தேதி, மொழி இங்கிலீஷ் (யுனைடெட் கிங்டம்), அதில் நாள்தான் முதலில் வரும். போன் எண் பத்தியை டெக்ஸ்ட் என்று வையுங்கள்.

படி 4: கல்லாவில் தினமும் கடை மூடும்போது எடுக்கும் இசட் ரிப்போர்ட் மூன்று நாளுக்குரியதை எடுத்து, அதே நாளுக்குப் பவர் பிஐ காட்டும் மொத்தத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒரு ரேண்ட் இடித்தாலும் வரைபடம் போடாதீர்கள். எனக்கு இடித்தது, காரணம் வாட் (மதிப்புக் கூட்டு வரி). ஒரு பத்தியில் வரியோடு விலை, இன்னொன்றில் வரியில்லாமல். வரியைக் கழிக்க எல்லாவற்றையும் 1.15-ஆல் வகுத்தாலும் தப்பு, அரிசிக்கும் பருப்புக்கும் இங்கே பூஜ்ய வரி, கற்பூரத்துக்கு 15%.

வாடிக்கையாளர் பெயரை வைத்துக் கூட்டாதீர்கள். ஒரே ஆளை ஒரு பில்லில் பிள்ளை என்றும் அடுத்ததில் பிள்ளே என்றும் அடித்திருப்பார்கள், அந்தத் தெருவில் அதே பெயரில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். வாடிக்கையாளர் எண்தான் எனக்கு நம்பிக்கை.

பிற்சேர்க்கை: படி 3 செய்தும் தேதி மாறவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருமே பழைய "சேஞ்ச்டு டைப்" வரியை நீக்கவில்லை. அது இருந்தால் ஏற்கெனவே மே 10 ஆகிவிட்ட தேதியின் மேல்தான் உங்கள் மாற்றம் விழும். அதை அழித்துவிட்டுத் திரும்பச் செய்ததும் இருவருக்கும் வந்துவிட்டது.