சரி பிழை பற்றி வாதிடும்போது அளவையியலைப் பாவிப்பது எப்படி

உயர்தரக் கலைப்பிரிவுக்கு 16 வருடமாக அளவையியல் (சரியாக வாதிடும் முறையை ஆராயும் பாடம்) படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கடலுக்குக் கிட்ட. நியாயத்தொடையின், அதாவது இரண்டு வரிகளிலிருந்து ஒரு முடிவை எடுக்கும் வாதத்தின், விதிகளைப் பிள்ளைகள் பரீட்சைக்கு நன்றாகப் பாடமாக்குகிறார்கள். ஆனால் வீட்டிலோ ஊரிலோ 'அவன் செய்தது சரியா, பிழையா' என்று வாக்குவாதம் வந்தால் அந்த விதி ஒன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை. அது மிகவும் தேவைப்படும் இடமே அதுதான். வகுப்பில் நான் செய்துகாட்டும் முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு கடதாசியும் பேனையும் இருந்தால் போதும்.

முதலில் முடிவைக் கண்டுபிடித்து, கடதாசியின் அடியில் எழுதுங்கள். ஆட்கள் கதைக்கும்போது 'ஆகவே' போட்டுக் கதைப்பதில்லை. முடிவு பெரும்பாலும் முன்னுக்கே வந்துவிடும். 'அவன் செய்தது பிழை, தாய்க்கே பொய் சொல்லிப்போட்டான்' என்கிறார் ஒருவர். முதற்பாதி முடிவு, பிற்பாதி காரணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வசனம் சொல்லப்படாமல் நிற்கிறது: 'தாய்க்குச் சொல்லும் பொய்கள் எல்லாம் பிழையானவை.' அதை வெளியே எடுத்து முதல் வரியாக எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும். சொல்லப்படாததால் ஒருவரும் அதைத் தொடுவதில்லை.

இந்த வரி கட்டாயம் இருக்கவேண்டும் என்பதற்கு அளவையியலிலேயே காரணம் உண்டு. முடிவின் பயனிலையாக வரும் பதம் (சொல் அல்லது சொற்றொடர்) எடுகூற்று ஒன்றில், அதாவது முடிவுக்கு ஆதாரமாக மேலே எழுதும் ஒரு வரியில், ஏற்கனவே வந்திருக்கவேண்டும். முடிவில் 'பிழை', 'கூடாது', 'வேண்டும்' என்று ஏதும் இருந்தால், மேலே உள்ள இரண்டு வரிகளில் ஒன்றிலும் அது இருக்கவேண்டும். 1739-40 இல் வெளிவந்த நூலொன்றில் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் கவனித்ததும் இதைத்தான். 'இப்படி இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே வருபவர்கள், காரணம் காட்டாமல் திடீரென்று 'இப்படி இருக்கவேண்டும்' என்பதற்குத் தாவிவிடுகிறார்கள் என்றார். 'காலங்காலமாகச் செய்துவருகிறோம், ஆகவே செய்யவேண்டும்' என்று யாராவது சொன்னால், இடையில் விட்டுப்போன வரியைக் கேளுங்கள்.

அடுத்தது அளவு. ஒவ்வொரு வரியும் எல்லாவற்றையும் பற்றியதா, சிலவற்றைப் பற்றியதா என்று பாருங்கள். அறுதி எடுப்பு, அதாவது ஒன்றைப் பற்றி ஆம் அல்லது இல்லை என்று கூறும் வசனம், நான்கு வகை: நிறைவிதி, நிறைமறை, குறைவிதி, குறைமறை. அவற்றுக்கு முறையே உதாரணம்: 'எல்லாப் பொய்யும் பிழை', 'எந்தப் பொய்யும் பிழையல்ல', 'சில பொய்கள் பிழை', 'சில பொய்கள் பிழையல்ல.' பார்க்க இலகுவாக இருக்கும், ஆனால் தமிழில் ஒரு வில்லங்கம் உண்டு. 'எல்லாப் பொய்யும் பிழையல்ல' என்று ஒருவர் சொன்னால் அது எந்த வகை? 'பொய் ஒன்றுகூடப் பிழையில்லை' என்றும் எடுக்கலாம், 'பிழையில்லாத பொய்யும் உண்டு' என்றும் எடுக்கலாம். முதலாவது நிறைமறை, இரண்டாவது குறைமறை. ஒருவர் குறைமறையாகச் சொல்ல, மற்றவர் அதை நிறைமறையாகக் கேட்டு, 'பொய்யே சொல்லலாம் என்கிறாயா?' என்று பாய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வசன அமைப்பையே விட்டுவிடுங்கள். 'எந்த... உம்' அல்லது 'சில' போட்டு எழுதினால் குழப்பம் தீரும். அளவே சொல்லாத வசனங்களும் உண்டு. 'பொய் சொல்வது பிழை' என்பவரிடம் ஆறுதலாகக் கேளுங்கள்: 'எப்போதுமா, பெரும்பாலுமா?'

நிறைவிதி ஒன்றை மறுக்க அதன் நேர் எதிர்ப்பக்கம் வரை ஓடத் தேவையில்லை. ஒரு விலக்குப் போதும், அதாவது ஒரு குறைமறை. ஆனால் எழுவாயும் பயனிலையும் இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். கொலைகாரன் ஒருவன் வந்து 'உன் நண்பன் வீட்டுக்குள் இருக்கிறானா?' என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797 இல் ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் ஒரு கட்டுரையில் வாதிட்டார். குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறது 292 ஆம் குறள். 'ரீச்சர், ரெண்டும் முரண், ஒண்டு பொய்யாகத்தான் இருக்கவேணும்' என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். அதற்கு முந்திய குறள், தீமை இல்லாததைச் சொல்வதையே வாய்மை என்கிறது. காண்ட் சொல்லும் உண்மை அந்தப் பொருளில் வருவதில்லை. பதங்கள் ஒன்றுதானா என்று பார்க்காமல் முரண் என்று சொல்லமுடியாது.

கடைசியாக, நடுப்பதத்தைப் பாருங்கள். இரண்டு எடுகூற்றிலும் வந்து, முடிவில் வராமல் போகும் பதம் அது. 'களவு செய்தவர்கள் கேட்டால் தடுமாறுவார்கள். இவள் தடுமாறினாள். ஆகவே இவள் களவெடுத்தாள்.' இங்கே 'தடுமாறுபவர்' என்ற பதம் ஓரிடத்திலும் முழுதாக எடுக்கப்படவில்லை. பயந்தவரும் தடுமாறுவார். ஒரு பிள்ளையின் பெயர் கெட இந்த ஒரு போலி (பிழையான வாதம்) போதும். இதைப் படிப்பிக்கும்போது மட்டும் நான் அவசரப்படுவதே இல்லை.

இனி முழு முறையையும் ஒரே இடத்தில் காட்டுகிறேன். போன வருடம், மரக்கறி மட்டும் சாப்பிடும் ஒரு மாணவன் பலகையில் இப்படி எழுதினான்:

உயிரைக் கொல்லும் செயல்கள் எல்லாம் பாவம்.
மீன்பிடித்தல் உயிரைக் கொல்லும் செயல்.
ஆகவே, மீன்பிடித்தல் பாவம்.

மூன்றும் நிறைவிதி, வாய்ப்பான வாதம்; அதாவது மேல் வரிகள் உண்மையானால் முடிவும் உண்மையாகவே இருக்கும். மத்திய கால ஐரோப்பாவில் இந்த வடிவத்துக்கு 'பார்பரா' என்று பெயர் வைத்துப் பாடமாக்கினார்கள். பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். 'அப்ப என்ர அப்பா பாவியே, ரீச்சர்?' என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

'வடிவத்தில பிழை இல்லை, பிள்ளை. முடிவு பொய்யெண்டால் மேல உள்ள ரெண்டில ஒண்டாவது பொய்யாக இருக்கவேணும். எது எண்டு பாருங்கோ' என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். 'தண்ணியைக் கொதிக்க வைச்சால் கிருமி சாகுது. அது பாவமே?'

முதல் வரி விழுந்தது. அவன் அதை அழித்துவிட்டு, 'வலி உணரும் உயிரைத் தேவையில்லாமல் கொல்லும் செயல்கள் எல்லாம் பாவம்' என்று எழுதினான். அது நல்ல திருத்தம். ஆனால் இரண்டாம் வரியை அப்படியே விட்டுவிட்டான். இப்போது முதல் வரியில் ஒரு நடுப்பதம், இரண்டாம் வரியில் வேறொன்று. மொத்தம் நான்கு பதம், வாதம் ஒட்டவில்லை. சுட்டிக்காட்டியதும், 'மீன்பிடித்தல் வலி உணரும் உயிரைத் தேவையில்லாமல் கொல்லும் செயல்' என்று அதையும் மாற்றினான். அப்புறம்தான் உண்மையான கேள்விகள் வெளியே வந்தன. மீனுக்கு வலி உண்டா? கடலை நம்பி அடுப்பெரிக்கும் வீட்டுக்கு எது தேவை, எது தேவையில்லை? அவள் தன் வீட்டுக் கணக்கைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

பிறகு அவளே சொன்னாள்: 'டைனமைற் போட்டுப் பிடிக்கிறது பாவம்தான். குஞ்சு குருமனெல்லாம் சாகும். அப்பா அதுக்குப் போறேல்லை.'

அவன் இரண்டாம் வரியின் தொடக்கத்தில் 'சில' என்று சேர்த்தான். எடுகூற்று ஒன்று 'சில' பற்றியதானால் முடிவும் 'சில' பற்றியதுதான் என்று நான் சொல்லமுதலே முடிவுக்கும் ஒரு 'சில' போட்டுவிட்டு, பின் வாங்கைத் திரும்பிப் பார்த்தான். அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.