சிறுநீரக நோயாளிக்கு வீட்டில் பி.பி. பார்ப்பது எப்படி?

அப்பாவுக்குச் சிறுநீரக நோய் மூன்றாம் நிலையில் இருப்பது தெரிந்ததும், வீட்டிலேயே பி.பி. பார்த்து எழுதி வருமாறு மருத்துவர் கூறினார். உயர் இரத்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளைச் சிதைக்கிறது. சிதைந்த சிறுநீரகமோ உப்பையும் நீரையும் வெளியேற்ற இயலாமல் தேக்கிவைத்து, அழுத்தத்தை மேலும் ஏற்றிவிடுகிறது. நாம் எழுதிக் கொண்டுபோகும் எண்களைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்கிறார்கள்.

1. கருவி: மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவியையே வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி, கை சற்று ஏறி இறங்கினாலும் எண்ணை மாற்றிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

2. பட்டை (கையைச் சுற்றிக் கட்டும் ‘கஃப்’): நான் சறுக்கிய இடம் இதுதான். பெட்டியோடு வந்த பட்டையைக் கட்டி, இரண்டு வாரம் மேல் எண்ணை 160-க்குக் குறையாமல் எழுதினேன். மருத்துவமனையில் பார்த்தபோது 138 காட்டியது. அங்கிருந்த செவிலியர் எங்கள் பட்டையின் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். அதில் 22–32 செ.மீ. என்று அச்சிட்டிருந்தது. தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவே இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பார்த்தால் அப்பாவின் கை 36 செ.மீ. இருந்தது. பட்டை சிறியதாக இருந்தால், இல்லாத அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும். பெரிய பட்டை தனியாகவே கிடைக்கிறது. ஆனால் உங்கள் கருவிக்கென்று தயாரிக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள்.

3. அளத்தல்: காபி, தேநீர் குடித்து அரைமணி நேரமாவது கழிந்த பின், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் அமர வேண்டும். பட்டையைச் சட்டைத் துணியின் மேல் சுற்றாமல் வெறும் கையில் கட்டி, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். பேசவும் கூடாது, செய்தித்தாள் படித்தபடி அரசியல் பேசும் அப்பாவுக்கு இதுதான் பெரும்பாடாக இருந்தது. காலையில் மாத்திரைக்கு முன்பும், இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள்.

4. குறித்தல்: 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐ எட்டினாலே உயர் அழுத்தம்தான். சிறுநீரக நோயாளிக்கான இலக்கு இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால் அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கருவியின் நினைவகத்தைவிட எனக்குக் கோடு போட்ட நோட்டே வசதி.

பின்சேர்க்கை: டயாலிசிஸுக்காகத் தம் தாயாருக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) வைத்த கையில் பார்க்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, பட்டையின் இறுக்கத்தில் அந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், மறு கையில்தான் பார்க்க வேண்டும்.