50 டன்னுக்குள் ஒரு ஹன்ச்பேக்: மெக்வாரியர் ஆன்லைனில் லோட்அவுட் அமைக்கும் முறை

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவுகளில் லாரிகள் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தொட்டியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது தெரிந்திருக்கும். தொட்டியில் இடம் இருந்தாலும் எடைமேடை ஒத்துக்கொள்ளாது. எடைமேடை ஒத்துக்கொண்டாலும் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிடும். மெக்வாரியர் ஆன்லைன் என்ற கணினி விளையாட்டில், மெக் எனப்படும் போர் இயந்திரத்தின் லோட்அவுட்டை, அதாவது அது சுமக்கும் ஆயுதங்களையும் பாகங்களையும், அமைப்பவரும் இடம், எடை, வெப்பம் என்ற இதே மூன்று கணக்குகளையும் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது. இவற்றில் முதல் இரண்டை, மெக்கை அமைக்கும் மெக்லேப் திரையே கறாராகக் கண்காணித்து, மீறினால் சேமிக்க விடாமல் தடுத்துவிடும். மூன்றாவதை அது ஓர் எண்ணாக மட்டும் காட்டிவிட்டுப் போட்டிக்குள் அனுப்பிவிடுவதால், புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தோற்கிறார்கள்.

ஆரியங்காவில் இருக்கும் என் மாமன் மகன் சென்ற சாரல் காலத்தில் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது, ஹன்ச்பேக் வகையில் எச்பிகே-4பி என்ற மெக்கை வாங்கி, லேசர் போன்ற எனர்ஜி ஆயுதங்களை மாட்டுவதற்கான அதன் 9 ஹார்ட்பாயிண்டுகளிலும் மீடியம் லேசரை மாட்டி, ஒன்பதையும் ஒரே பொத்தானில் இணைத்து வைத்திருந்தான். "அத்தான், ஒரு ஓட்டை விடாம எல்லாத்தையும் நெறச்சுட்டேன், ஆனா ரெண்டு தடவ அடிச்சதுமே வண்டி அணஞ்சு போகுது" என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது, நானும் தொடக்கத்தில் இதே தவற்றைத்தான் செய்தேன் என்பது நினைவுக்கு வந்தது. ஹார்ட்பாயிண்ட் என்பது மாட்டலாம் என்ற அனுமதி மட்டுமே. மாட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அவனுக்கு நேர்ந்தது இரண்டு தனித்தனிக் காரணங்களால். ஒவ்வோர் ஆயுதமும் சுடும்போது தனக்குரிய வெப்பத்தை உண்டாக்குகிறது. ஹீட் சிங்குகள் அதை மெதுவாக வெளியேற்றுகின்றன. அளவு நிரம்பி வழிந்தால் மெக் தானாக அணைந்து, சில நொடிகள் எதிரியின் முன் சிலைபோல் நிற்கும். இதற்கு மேல், ஒரே இனத்து ஆயுதங்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு அதிகமாக அரை நொடிக்குள் சேர்த்துச் சுட்டால், விளையாட்டு தண்டனையாகக் கூடுதல் வெப்பத்தை ஏற்றுகிறது. விளையாடுபவர்கள் இதை கோஸ்ட் ஹீட் என்பார்கள். அந்த வரம்பு ஆயுதத்துக்கு ஆயுதம் வேறுபடுவதாலும், அப்டேட்களில் மாற்றப்படுவதாலும், மெக்லேப்பில் ஆயுதத்தின் விவரக் குறிப்பைத் திறந்து அன்றைய எண்ணைப் பார்த்துக்கொள்வதே சரியான வழி. 4பி வைத்திருப்பவர்கள் லேசர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, முதல் குழுவுக்கும் இரண்டாம் குழுவுக்கும் இடையே அரை நொடிக்கு மேல் விட்டுச் சுட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எனினும் லோட்அவுட் கணக்கைக் கற்றுக்கொள்வதற்கு அதே குடும்பத்தின் எச்பிகே-4ஜி இன்னும் நல்ல பாடம் என்பது என் கருத்து. 50 டன் எடையுள்ள மீடியம் வகை மெக் அது. வலது தோள்பக்கத்தில், அதாவது வலது டார்சோவில், குண்டு சுடும் ஆயுதங்களுக்கான 3 பாலிஸ்டிக் ஹார்ட்பாயிண்டுகளும், இரு கைகளிலும் தலையிலும் தலா ஓர் எனர்ஜி ஹார்ட்பாயிண்டும் உள்ளன. கடையிலிருந்து வரும்போது அதில் ஏசி-20 என்ற பெரிய ஆட்டோகேனனும், கைகளில் மீடியம் லேசர்களும், தலையில் ஸ்மால் லேசரும், 200 ரேட்டிங் கொண்ட சாதாரண இன்ஜினும் இருக்கும். இந்த விளையாட்டில் மெக்கின் வேகம், இன்ஜின் ரேட்டிங்கை 16.2-ஆல் பெருக்கி மெக்கின் டன்னால் வகுத்தால் கிடைப்பது. அதன்படி இது மணிக்கு 64.8 கிலோமீட்டர் ஓடும். எதிரியின் அருகில் சென்று அடிக்க வேண்டிய மெக்குக்கு இந்த வேகம் போதாது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரே ஓர் ஆயுதம்: இந்த மெக் எதற்காகக் களத்துக்குப் போகிறதோ அந்த முதன்மை ஆயுதம். 4ஜி-க்கு அது ஏசி-20. எடை 14 டன், இடம் 10 ஸ்லாட் (மெக்கின் உடலுக்குள் இடத்தை அளக்கும் கட்டம்தான் ஸ்லாட்), ஓர் அடிக்கு 20 சேதம், முழு வலிமையுடன் எட்டும் தூரம் 270 மீட்டர். இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துத்தான் துணை ஆயுதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீடியம் லேசரின் சிறந்த தூரமும் 270 மீட்டர் என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் பயன்படும். ஒரு பக்கம் நெடுந்தூர ஏவுகணை, மறுபக்கம் கிட்டத்து ஆட்டோகேனன் என்று கலந்து கட்டப்பட்ட மெக், எந்தத் தூரத்தில் நின்றாலும் தன் எடையில் பாதியைச் சும்மா சுமந்துகொண்டிருக்கும். வரம்புகளைக் கலப்பது பல்துறைத் திறன் என்று நினைத்து இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 12 பேர் கொண்ட அணியில் நெடுந்தூரத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஒருவர் இருப்பார்.

அடுத்தது எலும்புக்கூடு. சாதாரண உள்கட்டமைப்பு மெக்கின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இங்கே 5 டன். அதை எண்டோ ஸ்டீலாக மாற்றினால் 2.5 டன்னாகக் குறையும்; அதற்கு விலையாக மெக்கின் உடல் முழுவதும் 14 ஸ்லாட்டுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆர்மரை, அதாவது வெளிக் கவசத்தை, ஃபெரோ ஃபைப்ரஸாக மாற்றினாலும் ஹன்ச்பேக் போன்ற இன்னர் ஸ்பியர் தரப்பு மெக்குகளில் அதே 14 ஸ்லாட் போகும், ஆனால் மிச்சமாகும் எடை மிகக் குறைவு. ஆகவே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் எப்போதும் எண்டோ ஸ்டீல். அத்துடன் ஹீட் சிங்குகளை டபுள் வகைக்கு மாற்றிவிட வேண்டும். வெளியே வைக்கும் ஒவ்வொரு டபுள் ஹீட் சிங்கும் 1 டன் எடையில் 3 ஸ்லாட் பிடித்தாலும், இன்ஜினுக்குள் இருப்பவை கூடுதல் இடம் எதுவும் கேட்காமலே வலிமை பெற்றுவிடுகின்றன. இந்த மாற்றங்களுக்கு விளையாட்டுக்குள் பணமாக இருக்கும் சி-பில் செலவாகும். திரும்பப் பழையபடி மாற்றினால் மீண்டும் செலவாகும். எனவே வாங்கும் முன் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்ஜினில்தான் இந்தக் கலையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. ரேட்டிங்கை 25-ஆல் வகுத்தால் வரும் எண்ணிக்கையில் ஹீட் சிங்குகள் இன்ஜினுக்குள்ளேயே அடங்கும். மெக்குக்குக் குறைந்தது 10 ஹீட் சிங்க் இருந்தாக வேண்டும் என்பது விதி. 200 இன்ஜினுக்குள் 8 மட்டுமே அடங்குவதால் மீதி இரண்டை வெளியே, டபுள் வகையென்றால் 6 ஸ்லாட்டைச் செலவழித்து, வைக்க வேண்டும். 250-ஐத் தொட்டுவிட்டால் பத்தும் உள்ளே போய்விடும். ஆனால் சாதாரண 250 இன்ஜின் மெக்லேப் கணக்கில் 18.5 டன். எக்ஸ்எல் வகையில் அதே இன்ஜின் 12.5 டன்தான். இந்த 6 டன் மிச்சத்தைப் பார்த்ததும் கை அதன் மேல் போகும். இரண்டு காரணங்களால் அதைத் தடுத்துக்கொள்ள வேண்டும். இன்னர் ஸ்பியர் எக்ஸ்எல் இன்ஜின் இரு பக்க டார்சோக்களிலும் தலா 3 ஸ்லாட் பிடிப்பதால், 12 ஸ்லாட் கொண்ட வலது டார்சோவில் 10 ஸ்லாட் ஏசி-20 நுழையவே நுழையாது. நுழைந்தாலும் பயனில்லை: எக்ஸ்எல் வைத்த மெக் ஒரு பக்க டார்சோவை இழந்த உடனே அழிந்துவிடும், ஹன்ச்பேக்கின் வலது தோளில் இருக்கும் அந்தப் பெரிய திமிலை நோக்கித்தான் எதிரிகள் அனைவரும் முதலில் சுடுவார்கள்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது லைட் இன்ஜின் என்ற மூன்றாவது வகை. அது பக்கத்துக்கு 2 ஸ்லாட் மட்டுமே கேட்பதால், 10 ஸ்லாட் ஏசி-20 மீதமுள்ள இடத்தில் இம்மியும் மிச்சமில்லாமல் கச்சிதமாக உட்காருகிறது. ஒரு பக்க டார்சோ போனாலும் மெக் உயிருடன் இருக்கும்; வேகமும் வெப்பத்தைத் தணிக்கும் திறனும் குறையுமே தவிர, கையில் மிஞ்சிய லேசருடன் தொடர்ந்து போரிடலாம். 255 ரேட்டிங் லைட் இன்ஜினின் எடை 16 டன், வேகம் மணிக்கு 82 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதன்முதலில் இந்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

இனி ஆர்மர். சாதாரண ஆர்மர் ஒரு டன்னுக்கு 32 புள்ளி தரும். 50 டன் மெக்கின் உச்ச அளவு 338 புள்ளி, 10.5 டன் ஒதுக்கினால் 336 கிடைத்துவிடும். ஆயுதத்துக்காக ஆர்மரைக் குறைக்கும் பழக்கத்தை, குறிப்பாகப் புதியவர்கள், தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். பங்கீட்டில் கவனிக்க வேண்டியது முன்புறமும் பின்புறமும். நடு டார்சோவுக்கு 64 புள்ளியும், பக்க டார்சோக்களுக்குத் தலா 48 புள்ளியும் உச்சம். இவற்றை முன்னுக்கும் பின்னுக்கும் நாமே பிரிக்கலாம். நான் நடுவில் பின்புறம் 6, பக்கங்களில் பின்புறம் தலா 4 மட்டும் விட்டுவிட்டு மற்றதை முழுவதும் முன்னுக்குக் கொண்டுவருகிறேன். முதுகைக் காட்டாமல் நிற்கப் பழகாதவர்கள் சில புள்ளிகளைக் கூடுதலாகப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். இடது கையின் ஆர்மரைக் குறைக்கவே கூடாது, ஏனென்றால் ஏசி-20 ஒரே கணத்தில் சுட்டு முடித்துவிடும். அடுத்த குண்டு ஏறும்வரை உடலைத் திருப்பி இடப்பக்கத்தைக் கேடயமாகக் காட்டுவதுதான் இந்த மெக்கின் போர் முறை.

மீதிக் கணக்கு எளிது. எண்டோ ஸ்டீல் 2.5, ஆர்மர் 10.5, இன்ஜின் 16, ஏசி-20 14, மூன்று மீடியம் லேசர்கள் 3 என்று கூட்டினால் 46 டன் ஆகிறது. மிஞ்சும் 4 டன்னில் 3 டன்னைக் குண்டுகளுக்கும் 1 டன்னை ஒரு வெளி ஹீட் சிங்குக்கும் கொடுத்தால் 50 நிறைகிறது. குண்டுகளைக் கால்களில் வைக்க வேண்டும். ஆர்மர் உடைந்த பகுதியில் இருக்கும் குண்டுப் பெட்டி அடிபட்டால் வெடிக்கும் வாய்ப்பு உண்டு. கால்கள் டார்சோவைவிடக் குறைவாகவே குறிவைக்கப்படுகின்றன. ஹீட் சிங்கை இடது டார்சோவில் வையுங்கள். வலது டார்சோ போனால் அதனுடன் வலது கையும் விழுந்துவிடும் என்பதால், அந்தப் பக்கத்தில் வைப்பது எதுவும் சீக்கிரம் தொலைந்துபோகும்.

ஆயுதக் குழுக்களில் ஏசி-20-ஐ இடது பொத்தானுக்கும் லேசர்களை வலது பொத்தானுக்கும் கொடுத்தால் போதும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கையில் உள்ள ஆயுதங்கள் கைக்கான குறிவட்டத்தையும், டார்சோவிலும் தலையிலும் உள்ளவை உடலுக்கான குறியையும் பின்பற்றுகின்றன. வேகமாக ஓடும் எதிரியைக் கைகள் முதலில் எட்டிப் பிடிக்கும். எங்கள் வீட்டு இணைப்பில் பிங், அதாவது இணையத் தாமதம், 200 மில்லிசெகண்டைத் தாண்டும் மழை நாட்களில், ஓடும் இலக்குகளை லேசருக்கு விட்டுவிட்டு, நின்று சுடுபவர்களுக்காக மட்டும் ஏசி-20-ஐ வைத்துக்கொள்கிறேன்.

விளையாட்டின் மற்றொரு தரப்பான கிளானின் ஆம்னிமெக்குகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. 75 டன் டிம்பர் வுல்ஃப் போன்றவற்றில் இன்ஜினும் எலும்புக்கூடும் ஆர்மர் வகையும் பூட்டப்பட்டவை. அங்கே ஆம்னிபாட் எனப்படும் உறுப்புகளை மாற்றி ஹார்ட்பாயிண்டுகளையே மாற்றிக்கொள்கிறோம். எடையும் வெப்பமும் மட்டும் அதே கணக்கு.

சேமித்த பிறகு நேராகப் போட்டிக்குப் போகாமல், டெஸ்டிங் கிரவுண்ட்ஸ் பகுதியில் டெர்ரா தெர்மா போன்ற வெப்பமான களத்தைத் தேர்ந்தெடுத்து, அசையாமல் நிற்கும் மெக்குகளின் மேல் எல்லா ஆயுதங்களையும் தொடர்ந்து சுட்டு, எத்தனையாவது முறையில் வெப்ப எச்சரிக்கை வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஃப்ரோசன் சிட்டி போன்ற குளிர்ந்த களத்திலும் அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், போட்டியில் எந்தக் களம் வந்தாலும் எப்போது லேசரை நிறுத்த வேண்டும் என்பது எண்ணைப் பார்க்காமலே தெரியும். மெக்கின் திறன்களை உயர்த்துவதற்காக 2017-இல் வந்த ஸ்கில் ட்ரீயில் ஒரு மெக்குக்கு 91 புள்ளிகள் செலவிடலாம். அவற்றை, இந்தச் சோதனையில் எங்கே குறை தெரிந்ததோ அங்கே போடுவது நல்லது.

பத்துப் போட்டிகள் ஆடிய பிறகு, ஒவ்வொரு போட்டியின் முடிவிலும் எத்தனை குண்டு மிஞ்சியது என்பதைப் பாருங்கள். தொடர்ந்து மிஞ்சினால் 1 டன் குண்டைக் கழற்றி இன்னொரு ஹீட் சிங்கை இடது டார்சோவில் சேர்க்கலாம்; அதற்குரிய 3 ஸ்லாட் அங்கே இருக்கிறது. தீர்ந்துபோனால் அந்த வெளி ஹீட் சிங்கைக் குண்டாக மாற்றி, தலையிலுள்ள லேசரைக் குறைவாகச் சுடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். மாமன் மகன் 4பி-யை விட்டு இந்த 4ஜி-க்கு மாறியபின் முதலில் கழற்றியது தலை லேசரைத்தான். அதன் 1 டன்னில் அவன் நான்காவது டன் குண்டை ஏற்றியிருக்கிறான்.