டி.டி. பந்தயம் பார்க்கப் போனேன், பைக் இல்லாமல்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) மோட்டார் பைக் பந்தயத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. 1907-இல் தொடங்கிய பந்தயம். இன்றைக்கும் ஊர்ச் சாலைகளில்தான் நடக்கிறது, ஒரு சுற்றே 60 கிலோமீட்டருக்கு மேல். மான்செஸ்டரில் வேலை கிடைத்ததும் பைக்கோடு கிளம்பிவிடலாம் என்றிருந்தேன். ஜனவரியில் பார்த்தால், இங்கிலாந்தின் ஹேஷம் துறைமுகத்திலிருந்து தீவின் தலைநகரான டக்ளஸ் போகும் கப்பலில் வண்டிகளுக்கு இடமே இல்லை.

இரண்டு நாள் மனசே சரியில்லை. பிறகுதான் கவனித்தேன்: நிரம்பியது வண்டித்தளம் மட்டும், ஆள் மட்டும் போவதற்கு டிக்கெட் இருந்தது. பைக்கை வீட்டிலேயே விட்டேன். ஹோட்டல்களும் நிரம்பியிருந்தன. பந்தய நாட்களில் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவார்கள்; அப்படி ஒன்று அமைந்தது.

அங்கே போனபின் வண்டி இல்லாதது குறையாகவே தெரியவில்லை. சாலைகளை மூடிவிட்டால் பைக் வைத்திருப்பவரும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். டக்ளஸிலிருந்து ராம்சிக்குக் கடலோரமாகப் போகும் பழைய மின்சார ரயில் பந்தயப் பாதைக்கு வெளியே செல்வதால், அது ஓடிக்கொண்டிருந்தது. ராம்சியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பந்தயப் பாதையில் இருக்கும் பார்லிமென்ட் சதுக்கம். பைக்குகள் வேகத்தைக் குறைத்து வளைந்து, மறுபடி சீறிக் கிளம்பும் அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது!

திரும்பும் டிக்கெட்டை மட்டும் கடைசிப் பந்தயத்துக்கு இரண்டு நாள் கழித்துப் போடுங்கள். பந்தயப் பாதை ஏறிச் செல்லும் மலையில் மூடுபனி இறங்கினால் மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாது, பந்தயம் தள்ளிப்போகும். நான் இருந்தபோதும் ஒரு நாள் அப்படி ஆனது.