மூளைக் காயத்துக்குப் பிறகு வாகனம் ஓட்டலாமா? படிப்படியாகப் பார்ப்போம்

விபத்திலோ பாரிசவாதத்திலோ மூளை காயப்பட்டவர் எழுந்து நடந்து, நன்றாகப் பேசவும் தொடங்கியதும் வீட்டில் வரும் கேள்வி: "இனி கார் எடுக்கலாமா?" கை, கால் தேறியது போதாது. கொழும்பின் காலி வீதியில் முன்னால் போகும் ஓட்டோ சட்டென்று நின்றால், அதைக் கண்டு, முடிவெடுத்து, பிரேக் மிதிக்க மூளை தயாரா என்பதுதான் கேள்வி.

1. வைத்தியரைக் கேளுங்கள். அதுவரை சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். டயக்னோசிஸ் கார்ட், மருந்துகள் எல்லாவற்றையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஒருமுறை வலிப்பு வந்திருந்தாலும் மறைக்காதீர்கள். தூக்கம் வரவைக்கும் மருந்துகளையும் கேட்டறியுங்கள்.

2. வீட்டில் கவனித்து எழுதுங்கள். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தட்டின் இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்கிறதா? இடத்தோள் கதவு நிலையில் இடிக்கிறதா? இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தடுமாறுகிறாரா? அடுப்பை அணைக்க மறக்கிறாரா? முன்பில்லாத அவசரமும் கோபமும் வருகிறதா? "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொல்வது எப்போதும் பிடிவாதமல்ல. தன் குறையைத் தானே உணர முடியாமல் போவதும் மூளைக் காயத்தின் ஒரு விளைவு. அதனால் கூட இருப்பவர்களின் சாட்சி மிகவும் தேவை.

3. கண். எழுத்துப் பலகையை வாசித்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்ற பார்வைப்புலப் பரிசோதனையையும் கேளுங்கள். ஒரு பக்கம் தெரியாதவர் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகலாம். அந்தப் பக்கத்தையே மூளை கவனிக்காமல் விட்டவருக்கு, திரும்ப வேண்டும் என்ற எண்ணமே வராது. இரண்டாவதுதான் வீதியில் கூடுதல் ஆபத்து.

4. தாள் பரிசோதனைகள். தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்குபவர்) 1 முதல் 25 வரை எண்களைக் கோட்டால் இணைக்கச் சொல்வார். பிறகு எண், எழுத்து, எண், எழுத்து என மாறிமாறி. கவனத்தை மாற்றும் வேகம் இதில் தெரியும். இதை மட்டும் வைத்து யாரையும் தள்ளிவிடவோ அனுமதிக்கவோ கூடாது.

5. வீதி. வைத்தியர் சம்மதித்த பிறகு, பயிற்றுநர் பக்கத்திலும் பிரேக் உள்ள வாகனத்தில். ஞாயிறு காலை அமைதியான ஒழுங்கையில் தொடங்கி, சுற்றுவட்டத்துக்கும் பிறகு நெரிசலுக்கும் போங்கள். வலப்பக்கம் திரும்பும்போது கூர்ந்து பாருங்கள்: எதிரே வரும் வாகனங்களின் வேகத்தைக் கணித்து ஊடறுக்க வேண்டிய இடம் அது. அவர் வழி தவறி வேறு தெருவுக்குப் போவது சின்ன விஷயம். பயிற்றுநர் பிரேக் மிதிக்க வேண்டிவந்தால் அது பெரிய விஷயம்.

அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சான்றிதழுக்கு நுகேகொடை தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்துக்குப் போகும்போது காயத்தின் முழு விவரத்தையும் சொல்லுங்கள்.

"இப்போது வேண்டாம்" என்று பதில் வந்தால், மறுபரிசோதனை எப்போது என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.